தண்ணீர் குடித்த கல்: செர்பென்டைனை அடையாளம் காண்பதும் வீட்டில் பதிப்பதும்

சேலத்தில் ஒருவர் நிலவியல் பாடம் நடத்தியவர் என்று தெரிந்துவிட்டால் போதும், ஊரில் இருக்கும் பச்சைக் கல்லெல்லாம் அவர் வீட்டைத் தேடி வந்துவிடும். உறவினர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஜேட் வளையல், புது வீட்டுக்கு எடுத்த பச்சை மார்பிளின் மூலைத் துண்டு, பேரன் பள்ளிச் சுற்றுலாவில் பொறுக்கிய வழவழப்பான கல் எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கின்றன. கேள்வி மட்டும் மாறுவதில்லை: "இது அசலா, மேடம்?" அசல்தான். கடையில் சொன்ன பெயர்தான் அதற்குச் சொந்தமில்லை. இப்படி வருவதில் பெரும்பகுதி செர்பென்டைன்.

இந்தக் கல்லைப் பற்றி நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். இது தண்ணீர் உள்ளே புகுந்ததால் உருமாறிய கல். இதன் எடையில் ஏறத்தாழ 13 சதவீதம் நீர். ஈரமாகக் கசியும் நீர் அல்ல, படிகக் கட்டமைப்பிலேயே பிணைந்துபோன நீர். கல் ஏன் மென்மையாக இருக்கிறது, ஏன் அணு உலைக்குப் பயன்படுகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த நீரில்தான் இருக்கிறது.

பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் பெரிடோடைட், டூனைட் போன்ற பாறைகளில் ஆலிவின் என்ற கனிமம் நிறைந்திருக்கும். மெக்னீசியமும் சிலிக்காவும் கொஞ்சம் இரும்பும் சேர்ந்தது அது. ஆழத்தில் இருக்கும்வரை அதற்குத் தொல்லை இல்லை. புவியோட்டின் அசைவால் மேலே வந்து, விரிசல் வழியே சூடான நீர் உள்ளே இறங்கினால் ஆலிவின் தாக்குப்பிடிக்காது. நீரை இழுத்துக்கொண்டு செர்பென்டைனாகவும், கூடவே புரூசைட் என்ற இன்னொரு மெக்னீசியக் கனிமமாகவும் மாறுகிறது. நீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் ஆலிவினின் அடர்த்தி சுமார் 3.3, செர்பென்டைனின் அடர்த்தி 2.6 அளவில்தான். எனவே பாறை உப்புகிறது, உப்பும்போது நொறுங்குகிறது, நொறுங்கிய இடுக்கில் மேலும் நீர் இறங்குகிறது. ஆலிவினில் இருந்த இரும்பு ஆக்சிஜனேற்றமாகி, காந்தம் ஈர்க்கும் மேக்னடைட் துகளாகப் பிரிந்து நிற்கும். அந்த வேளையில் நீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அட்லாண்டிக் கடலடியில் 2000ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட 'லாஸ்ட் சிட்டி' வெந்நீர் ஊற்றுகளில் இன்றும் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. அங்கே 60 மீட்டர் உயரம்வரை வெள்ளைக் கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குச் சேலமே போதும். நகரத்தை ஒட்டிய சாக் ஹில்ஸ் குன்றுகள் டூனைட் பாறையால் ஆனவை. அதில் ஒரு பகுதி செர்பென்டைனாகியிருக்கிறது. பிறகு கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் வந்து சேர, மெக்னீசியம் கார்பனேட்டாகி வெள்ளை நரம்புகளாகப் படிந்துவிட்டது. நாங்கள் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட் அதுதான். உலைச் செங்கல்லுக்குப் போவது. குவாரிக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். குத்தகை நிலம், விளிம்பும் சரியும். சாலையோரம் கொட்டிக்கிடக்கும் கழிவுக் கல் ஒன்று போதும் பாடம் படிக்க. வெயில் பட்ட புறம் மங்கிய பழுப்பாக இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸை உடைந்த முகத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சையில், சர்க்கரைபோல் மணிமணியாக மின்னுவது ஆலிவின். அதற்கிடையே மணியே தெரியாமல், மெழுகு பூசியதுபோல் ஓடும் கரும்பச்சைக் கோடுகள்தான் செர்பென்டைன். தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது என்பதை அந்தக் கோடுகள் அப்படியே காட்டிக்கொடுக்கும்.

சோதிக்கும் முறை

வேண்டியவை அதிகமில்லை: கைலென்ஸ், தடித்த எஃகு ஊசி, நூலில் கட்டிய சிறு காந்தம், 0.1 கிராம்வரை காட்டும் டிஜிட்டல் தராசு.

முதலில் விரலால் தடவுங்கள். செர்பென்டைனில் எண்ணெய்ப் பசை போன்ற ஒரு வழவழப்பு இருக்கும். மாக்கல்லும் இப்படித்தான் வழுக்கும் என்பதால் நகத்தால் கீறிப் பாருங்கள். கல்சட்டி செய்யும் மாக்கல்லில் நகம் பதியும், செர்பென்டைனில் பொதுவாகப் பதியாது.

அடுத்து ஊசி. கல்லின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு அழுத்தி இழுங்கள். கோடு விழுந்தது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஈர விரலால் துடையுங்கள். கோடு போய்விட்டால் அது ஊசி உதிர்த்த உலோகம். கல் ஊசியைவிடக் கடினம். பள்ளம் நின்றால் கீறப்பட்டது கல். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணும் மோஸ் அளவில் செர்பென்டைனின் கடினம் பெரும்பாலும் 2.5 முதல் 4 வரை, போவனைட் என்னும் ஒளி ஊடுருவும் வகையில் 5ஐத் தாண்டும். உண்மையான ஜேட் இரண்டு வகை: நெஃப்ரைட் 6 முதல் 6.5, ஜேடைட் 6.5 முதல் 7. ஊசி அவற்றில் ஒன்றும் செய்யாது.

காந்தத்தை நூலில் தொங்கவிட்டு கல்லருகே கொண்டுபோங்கள். மேக்னடைட் துகள் உள்ள செர்பென்டைன் பாறை அதை மெல்ல இழுக்கும். நகைக்கல்லில் இந்தத் துகள் இல்லாமலும் இருக்கலாம் என்பதால் இது துணைச் சாட்சிதான்.

வளையலைக் கீறுவதற்கு மனம் வராது. அதற்கு அடர்த்திச் சோதனை இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் இதுவே. முதலில் வளையலை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 39 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அகன்ற பிளாஸ்டிக் கிண்ணத்தில் நீர் ஊற்றி, தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். வளையலை மெல்லிய நூலில் கட்டி முழுதாக நீரில் மூழ்கும்படி பிடியுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது, குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண், வளையல் விலக்கிய நீரின் எடை. அது 15 கிராம் என்றால் 39ஐ 15ஆல் வகுங்கள்: 2.6. இது செர்பென்டைனின் அளவு. நெஃப்ரைட்டாக இருந்திருந்தால் தராசு 13 கிராமை ஒட்டியும் (அடர்த்தி சுமார் 2.95), ஜேடைட்டாக இருந்திருந்தால் 12 கிராமுக்குக் கொஞ்சம் கீழேயும் (சுமார் 3.3) காட்டியிருக்கும். பச்சைக் குவார்ட்ஸும் 2.65இல் நிற்கும், ஆனால் அதன் கடினம் 7. கண்ணாடியும் இதே எல்லைக்குள் வரலாம், லென்ஸில் உருண்டையான குமிழி தென்பட்டால் கண்ணாடி.

'நியூ ஜேட்', 'கொரியன் ஜேட்' என்ற பெயர்ச்சீட்டோடு விற்பதில் பல செர்பென்டைன். சாயம் ஏற்றியதும் உண்டு. நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் உள்பக்கம் துடைத்தால் பஞ்சு பச்சையாகும். விலையில் ஏமாற்றுவதுதான் குற்றம், கல்லின் மேல் குற்றமில்லை. சீனாவின் லியாவ்நிங் மாகாணத்தில் சியுயான் ஊர்ச் செர்பென்டைனைத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்குகிறார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் போவனைட்டை 'தங்கிவாய்' என்று மதித்து அணிகிறார்கள்.

பச்சை மார்பிள் பதிக்கப் போகிறவர்களுக்கு

ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் ரிஷப்தேவ், கேசரியாஜி பகுதியிலிருந்து வரும் பச்சை மார்பிள், நிலவியல்படி மார்பிளே அல்ல; செர்பென்டைன் பாறை. கடைக்காரருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் சொல்வதில் அவருக்கு லாபமில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் வெள்ளை மார்பிளைப் பதிப்பதுபோலவே சிமெண்ட் பால் ஊற்றி இதையும் ஒட்டினால், மெல்லிய டைல் அடியிலிருந்து நீரை வாங்கி அந்தப் பக்கம் மட்டும் விரியும். விளிம்புகள் தூக்கிக்கொள்ளும். மேஸ்திரியின் மேல் பழி விழும், அவர் கல்லின் மேல் போடுவார்.

வாங்கும் முன் மாதிரி டைல் ஒன்று கேட்டு வாங்குங்கள். ஈரத் துணியின் மேல் அதை முகம் மேலாக வைத்து இரவு முழுதும் விடுங்கள். காலையில் எஃகு ஸ்கேலின் விளிம்பை மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கல் வளையும் ஜாதி. அதைத் தண்ணீர் சேராத எப்பாக்ஸி பசையில்தான் ஒட்ட வேண்டும். செலவு கூடும்தான். 18, 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகைக்கு இந்தத் தொல்லை குறைவு.

சமையல் மேடைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புளியும் எலுமிச்சையும் தினம் சிந்தும் இடத்தில் பளபளப்பு நிற்காது. கருப்பு கிரானைட் போடுங்கள், நிம்மதி. தரையிலும் கழிவறை கழுவும் ஆசிட் படக் கூடாது. செர்பென்டைனை அமிலம் மெல்ல அரித்து வெளுக்கச் செய்யும், இடையில் ஓடும் வெள்ளை நரம்பில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் இருந்தால் நுரைத்துப் பொங்கும். அமிலமும் காரமும் இல்லாத சோப்பு நீர் போதும்.

வெட்டும்போது நீர் ஊற்றித்தான் வெட்ட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. செர்பென்டைன் குடும்பத்தில் மூன்று பேர்: லிசார்டைட், ஆன்டிகோரைட், கிரைசோடைல். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான், அடுக்கும் விதம்தான் வேறு. சிலிக்கா அடுக்கும் மெக்னீசிய அடுக்கும் அளவில் சரியாகப் பொருந்துவதில்லை. லிசார்டைட் அதைத் தட்டையாகவே சமாளித்துக்கொள்கிறது. ஆன்டிகோரைட் அலையாக மடிகிறது. கிரைசோடைல் குழலாகச் சுருண்டு, கண்ணுக்குத் தெரியாத நாராகிவிடுகிறது. சிமெண்ட் ஷீட்டில் கலக்கும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இதுதான். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு. ஆந்திராவின் புலிவெந்துலா பகுதியில் இது கிடைத்தது டோலமைட் சுண்ணாம்புப் பாறையிலிருந்து. நீரும் மெக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்தால் ஆலிவின் இல்லாத இடத்திலும் செர்பென்டைன் பிறக்கும்.

ஆகவே பலகையை வெயிலில் சாய்த்து, நரம்புகளை லென்ஸால் பாருங்கள். நரம்பின் குறுக்கே, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, பட்டு நூலை நெருக்கமாக நிறுத்தியதுபோல் மின்னும் இழைகள் தென்பட்டால் அந்தப் பலகை வேண்டாம். ஊசியால் கிளறிப் பார்க்காதீர்கள். கையிலிருக்கும் துண்டு என்றால் நீர் தெளித்து, பையில் போட்டுக் கட்டிவையுங்கள். இழை தென்படாத பலகையையும் உலர்வாக அறுக்கவோ தேய்க்கவோ விடக் கூடாது. அறுப்பவருக்கு வெறும் துணி முகமூடி போதாது, ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கு என்95உம் போதாது; பி100 வடிகட்டி பொருத்திய முகமூடி வாங்கிக் கொடுங்கள்.

மற்ற பயன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃகு உலையில் மெக்னீசியத்துக்காகச் சேர்க்கிறார்கள். அணு உலையைச் சுற்றிய கான்கிரீட்டில் ஜல்லியாகப் போடுகிறார்கள்: நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க ஹைட்ரஜன் வேண்டும், சாதாரணக் கான்கிரீட் சூட்டில் நீரை இழந்துவிடும், செர்பென்டைன் சில நூறு டிகிரி வரை விடாது. ஓமனின் பெரிடோடைட் மலைகளில் கார்பன் டை ஆக்சைடைக் கல்லாக்கிப் புதைக்கும் முயற்சி நடக்கிறது. சாக் ஹில்ஸின் வெள்ளைக்கல் தானாகச் செய்த வேலைதான் அது.

தோட்டக்காரர்களுக்கும் ஒரு சொல். இந்தப் பாறை மக்கிய மண்ணில் மெக்னீசியம் மிகுதி, கால்சியம் குறைவு, நிக்கலும் குரோமியமும் கூடுதல். இலங்கையின் அம்பாந்தோட்டை மாவட்டத்தில், 2010இல் தேசியப் பூங்காவான உஸ்ஸங்கொடவில் செம்மண் வெளி முழுக்கச் செடிகள் குட்டையாகப் படர்ந்து கிடப்பதற்கு இந்த மண்ணும் ஒரு காரணம். அங்கே முளைக்கும் விஷ்ணுகிராந்தி நிக்கலை அளவுக்கு மீறித் தன்னுள் சேர்த்துவைக்கிறது. மருந்துக்குப் பறிக்கும் மூலிகையை இப்படிப்பட்ட மண்ணிலிருந்து எடுக்காதீர்கள். குவாரி மண்ணை மலிவு என்று தொட்டியில் நிரப்பியவர்கள் காய்கறியோ கீரையோ போட வேண்டாம், பூச்செடி வையுங்கள். அதற்கும் ஜிப்சம் தூவி, மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்துவிட்டு நடுங்கள்; ஜிப்சம் தரும் கால்சியம் இல்லாமல் அந்த மண்ணில் வேர் சரியாகப் பிடிக்காது.