கல்லூரி நிதி உதவி பாதியில் நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி: எஸ்ஏபி விதிகள்

அமெரிக்கக் கல்லூரியில் பிள்ளைக்குப் பெல் கிராண்டோ (அமெரிக்க மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை) ஃபெடரல் கடனோ (அதே மத்திய அரசு தரும் கடன்) ஒருமுறை கிடைத்துவிட்டால், அப்புறம் வருடாவருடம் ஃபாஃப்ஸா என்ற உதவி விண்ணப்பத்தை நிரப்பினால் போதும், பட்டம் வாங்கும்வரை பணம் வந்துகொண்டே இருக்கும் என்றுதான் பல வீடுகளில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஃபாஃப்ஸா பார்ப்பது குடும்பத்தின் வருமானத்தை. பிள்ளை ஒழுங்காகப் படித்து முன்னேறுகிறதா என்பதைக் கல்லூரி தனியாகப் பார்க்கிறது, அதற்குப் பெயர் சாட்டிஸ்ஃபாக்டரி அகடமிக் பிராக்ரஸ், சுருக்கமாக எஸ்ஏபி. இதில் தவறினால் பெல் கிராண்ட், ஒர்க்-ஸ்டடி (படித்துக்கொண்டே வேலை செய்து சம்பாதிக்கும் உதவி), டைரக்ட் லோன் (மாணவர் பெயரில் வாங்கும் ஃபெடரல் கடன்), பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடன் எல்லாமே ஒரே நேரத்தில் நிற்கும். 2025-26 கல்வியாண்டில் பெல் கிராண்ட் அதிகபட்சம் 7,395 டாலர். அதோடு கடனும் சேர்ந்து நின்றால் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் எப்படிக் கட்டுவது என்று யோசித்துப் பாருங்கள்.

விதியின் எலும்புக்கூடு ஃபெடரல் அரசுடையது. மீதியை ஒவ்வொரு கல்லூரியும் தன் இஷ்டப்படி எழுதிக்கொள்ளலாம், அரசு சொன்னதைவிடத் தளர்வாக மட்டும் இருக்கக் கூடாது. அதனால் முதல் வேலை, உங்கள் கல்லூரியின் பெயரோடு 'எஸ்ஏபி பாலிசி' என்று தேடி அந்தப் பக்கத்தை முழுதாகப் படிப்பது. சீனியர் சொன்னதையும் வேறு கல்லூரியில் படிக்கும் அண்ணன் சொன்னதையும் நம்பி முடிவெடுக்காதீர்கள், அவர்கள் கல்லூரியின் கணக்கு வேறாக இருக்கும்.

எல்லாக் கல்லூரியும் பார்ப்பது மூன்று விஷயம்: ஜிபிஏ (4.0-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி), நீங்கள் முடித்த கிரெடிட்டின் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள அலகு எண்ணிக்கை) சதவீதம், மொத்தக் கால வரம்பு.

ஜிபிஏ எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு வருடத்துக்கு மேல் நீளும் படிப்பில், இரண்டாம் வருட முடிவில் சி சராசரி, அதாவது 2.0, அல்லது பட்டம் வாங்கத் தேவையான அளவுக்கு ஈடான நிலை இருக்க வேண்டும் என்பது ஃபெடரல் விதி. பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு வருடம் காத்திருப்பதில்லை, முதல் வருடத்திலிருந்தே 2.0 கேட்கும். பட்டமேற்படிப்பில் 3.0 கேட்பது சாதாரணம். இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: சரிவைச் சீக்கிரம் பிடித்தால் மீள்வது எளிது. 15 கிரெடிட் முடிந்த நிலையில் 1.6 இருந்தால், அடுத்த 15 கிரெடிட்டில் 2.4 எடுத்தாலே மொத்தம் 2.0 ஆகிவிடும். அதே 1.6, 45 கிரெடிட் முடிந்த பிறகு இருந்தால், அடுத்த 15-இல் 3.2 எடுக்க வேண்டும். ஏற்கெனவே தடுமாறும் ஒரு பிள்ளைக்கு 3.2 எவ்வளவு தூரம் என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இரண்டாவதில்தான். ஜிபிஏ நன்றாக இருக்கிறவர்கள்கூட. இதைப் 'பேஸ்', அதாவது படிப்பு முன்னேறும் வேகம், என்பார்கள். இதுவரை எடுத்த மொத்த கிரெடிட்டில் எத்தனையை முடித்தீர்கள் என்பதன் சதவீதம், பொதுவாக 67 இருக்க வேண்டும். எஃப் வாங்கிய பாடம், நடுவில் வித்ட்ரா செய்து டபிள்யூ விழுந்த பாடம், இன்னும் முடிக்காமல் 'இன்கம்ப்ளீட்' என்று தொங்கும் பாடம் எல்லாம் எடுத்த கணக்கில் சேரும், முடித்த கணக்கில் சேராது. டபிள்யூ ஜிபிஏவைத் தொடாது என்பது உண்மை, அதை வைத்துத்தான் 'கஷ்டமா இருந்தா வித்ட்ரா பண்ணிடு, ஒண்ணும் ஆகாது' என்று நண்பர்கள் சொல்வார்கள். பேஸைத் தொடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்த ஒரு மாணவி, 4 கிரெடிட் வேதியியலில் எஃப், 3 கிரெடிட் பாடம் ஒன்றில் டபிள்யூ. முடித்தது 8. எட்டைப் பதினைந்தால் வகுத்தால் 53 சதவீதம், தவறிவிட்டார். அடுத்த செமஸ்டரில் விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுபடி 15 எடுத்து அதில் 10 மட்டும் முடித்தால், மொத்தம் 30-இல் 18, அதாவது 60 சதவீதம், இன்னும் கீழேதான். அதற்குப் பதில் 12 மட்டும் எடுத்து 12-ஐயும் முடித்தால் 27-இல் 20, 74 சதவீதம், வெளியே வந்துவிட்டார். முழுநேர மாணவி என்ற தகுதிக்கும் 12 போதும். தடுமாறிய அடுத்த செமஸ்டரில் பாரத்தைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். வீட்டில் 'வேகமாக முடி' என்று தள்ளுகிற பெற்றோர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

பாடத்தை விடுவதில் இரண்டு வகை உண்டு. செமஸ்டர் தொடக்கத்தில் ட்ராப் செய்ய ஒரு கடைசித் தேதி இருக்கும், அதற்குள் விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலில்) வராது, பெரும்பாலான கல்லூரிகளில் எஸ்ஏபி கணக்கிலும் வராது. அந்தத் தேதி தாண்டினால் அது வித்ட்ரா, டபிள்யூ விழும். அந்தத் தேதியை முதல் நாளே கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பாடத்தையும் ஒரேயடியாக விட்டுவிட்டு வெளியேறுவது இன்னும் பெரிய விஷயம். செமஸ்டர் காலத்தில் 60 சதவீதத்தைத் தாண்டும்முன் முழுவதுமாக வெளியேறினால், இருந்த நாட்களுக்கு ஏற்ற உதவித்தொகைதான் உங்களுடையது, மீதி திரும்பப் போக வேண்டும், அதில் கல்லூரி திருப்பிய பணத்தை உங்களுக்கே பில்லாக அனுப்பக்கூடும். 15 வார செமஸ்டரில் 60 சதவீதம் என்பது சுமார் ஒன்பதாவது வாரம். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்தினாலும் தப்ப முடியாது: எல்லாப் பாடத்திலும் எஃப் விழுந்தால், உண்மையில் படித்துத் தோற்றாரா, பாதியில் போய்விட்டாரா என்று கல்லூரி விசாரிக்கும். அதனால் வெளியேறும் முன், எந்தக் காரணமானாலும் சரி, ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்துக்குப் போய் 'இன்று வெளியேறினால் நான் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்' என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கால வரம்பு. இளங்கலைப் படிப்புக்குத் தேவையான கிரெடிட்டில் 150 சதவீதம்தான் எல்லை. 120 கிரெடிட் பட்டம் என்றால் 180 கிரெடிட் எடுக்கும்வரை. 180-ஐத் தொடும்வரை காத்திருக்கவும் மாட்டார்கள், அதற்குள் முடிக்க வாய்ப்பே இல்லை என்று கணக்கில் தெரிந்த உடனே உதவி நிற்கும். இரண்டு மூன்று முறை மேஜர் (முதன்மைப் பாடம்) மாற்றியவர்களும், கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) நிறைய எடுத்துவிட்டு வந்தவர்களும் இதில் சிக்குவார்கள். புதுக் கல்லூரி ஏற்றுக்கொண்ட டிரான்ஸ்ஃபர் கிரெடிட் எடுத்ததிலும் முடித்ததிலும் சேரும், அதனால் பேஸுக்கு நல்லது, கால வரம்பைத் தின்னும். மேஜர் மாற்றினால் பழைய மேஜரின் கிரெடிட்டைக் கழிப்பதா வேண்டாமா என்பது கல்லூரியின் விருப்பம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெல் கிராண்டுக்கு இது போக வாழ்நாள் எல்லை ஒன்று தனியாக இருக்கிறது: முழுநேரக் கணக்கில் 12 செமஸ்டருக்கு ஈடானது.

இன்னும் சில சின்ன விதிகள். பாஸான பாடத்தை நல்ல கிரேடுக்காக மறுபடி எடுத்தால் ஃபெடரல் உதவி ஒரே ஒருமுறைதான் அதற்கு உண்டு. உதவி வாங்காமல் சொந்தப் பணத்தில் படித்த செமஸ்டரும் எஸ்ஏபி கணக்கில் சேரும். சில கல்லூரிகள் பழைய மோசமான கிரேடுகளை டிரான்ஸ்கிரிப்ட் ஜிபிஏவிலிருந்து மன்னித்துவிடும், ஆனால் ஃபெடரல் விதியில் அந்த மன்னிப்புக்கு இடமில்லை, எடுத்தது எடுத்ததுதான்.

சரி, தவறிவிட்டது. இப்போது என்ன?

உங்கள் கல்லூரி ஒவ்வொரு செமஸ்டரும் சரிபார்க்கிறதா, வருடத்துக்கு ஒருமுறையா என்று பாருங்கள். செமஸ்டர்தோறும் பார்க்கும் கல்லூரியில் முதல்முறை தவறினால் 'வார்னிங்' கொடுக்க முடியும், ஒரு செமஸ்டருக்கு உதவி தொடரும், எதுவும் விண்ணப்பிக்க வேண்டாம். வருடம் ஒருமுறை மட்டும் பார்க்கும் கல்லூரியில் வார்னிங் கிடையாது, நேராக நிறுத்தம். கடிதம் கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் வரும், விடுமுறையில் அதைத் திறக்காமல் விடாதீர்கள்.

நின்றுபோனால் அடுத்த வழி அப்பீல், கல்லூரி அதை அனுமதித்தால். ஏற்கக்கூடிய காரணங்களாக விதி சொல்வது உறவினர் மரணம், மாணவரின் நோய் அல்லது காயம், வேறு விசேஷச் சூழ்நிலை. கடிதம் இரண்டே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: ஏன் தவறினீர்கள், இப்போது என்ன மாறியிருக்கிறது. முதல் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதிவிட்டு இரண்டாவதற்கு 'இனி நன்றாகப் படிப்பேன்' என்று ஒரு வரி எழுதுகிற கடிதம் பலவீனமானது. 'அக்டோபரில் அறுவை சிகிச்சை, ஆறு வாரம் வகுப்புக்குப் போக முடியவில்லை, ஜனவரியில் டாக்டர் முழுத் தகுதி கொடுத்துவிட்டார், வேலை நேரத்தை வாரம் 25 மணியிலிருந்து 10 மணியாகக் குறைத்துவிட்டேன், அட்வைசரோடு பேசி அடுத்த செமஸ்டருக்கு இந்த நான்கு பாடம்' என்று தேதியும் எண்ணும் வைத்து எழுதுங்கள். சான்றுகளை இணையுங்கள்: மருத்துவமனைக் கடிதம், இறப்புச் சான்றிதழ், கவுன்சிலர் கடிதம். இந்தியாவில் தாத்தா பாட்டி இறந்து ஓடிப்போக வேண்டியிருந்தால் விமான டிக்கெட்டும் சான்றுதான், தமிழில் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்த்து வையுங்கள். மன அழுத்தம், பதற்றம் போன்றவற்றை எழுதச் சங்கடப்பட்டுச் சில பிள்ளைகள் பொய்க் காரணம் தேடுகிறார்கள். வேண்டாம், அதுவும் நோய்தான், சிகிச்சை எடுத்ததற்குக் கடிதம் இருந்தால் தாராளமாக எழுதலாம்.

கடிதத்தை மாணவரே எழுத வேண்டும். அப்பா எழுதிக் கொடுத்தது படித்த உடனே தெரிந்துவிடும்.

முடிவு கல்லூரியினுடையது, அதை மாற்றச் சொல்லி மத்தியக் கல்வித் துறைக்குப் போக முடியாது. பதில் வரும்வரை சும்மா இருக்காமல் ஃபீஸ் அலுவலகத்தில் தவணைத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பணம் கட்டவில்லை என்று பதிவை ரத்து செய்துவிடுவார்கள். அப்பீல் தோற்றால், ஒரு செமஸ்டர் வீட்டில் இருந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம், எண்கள் அப்படியேதான் இருக்கும். சொந்தப் பணத்தில் கொஞ்சம் பாடம் எடுத்து முடித்து எண்ணை மேலே கொண்டுவந்தால்தான் தகுதி திரும்பும்.

ஃபெடரல் உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவர்களுக்கும்தான். எஃப்-1 (மாணவர்), எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினர்) விசாவில் இருப்பவர்களுக்கு இது கிடையாது, ஆனால் கல்லூரி தரும் ஸ்காலர்ஷிப்புக்குத் தனி ஜிபிஏ நிபந்தனை இருக்கலாம். எஃப்-1 இளங்கலை மாணவர் 12 கிரெடிட்டுக்குக் கீழே போகும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதியும் வாங்க வேண்டும். மாநில உதவிக்கும் தனி அளவு உண்டு: ஜார்ஜியாவின் ஹோப் ஸ்காலர்ஷிப் 30, 60, 90 கிரெடிட் எடுத்த கட்டங்களில் 3.0 இருக்கிறதா என்று பார்க்கும், எஸ்ஏபியின் 2.0 அங்கே உதவாது.

அப்பீல் ஏற்கப்பட்டால் 'புரொபேஷன்' என்று ஒரு செமஸ்டர் உதவி வரும். ஒரே செமஸ்டரில் மீள முடியாது என்றால் அகடமிக் பிளான் ஒன்று எழுதித் தருவார்கள், செமஸ்டருக்கு இத்தனை சதவீதம் முடிக்க வேண்டும், இத்தனை ஜிபிஏ, இந்தப் பாடங்கள் மட்டும் என்று. அதன்படி நடக்கும்வரை மொத்த எண் கீழே இருந்தாலும் பணம் வரும், ஒரு பாடத்தை விட்டாலே பிளான் உடையலாம். பாடத்தையோ மேஜரையோ மாற்ற வேண்டியிருந்தால் மாற்றும் முன் ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தில் சொல்லி பிளானைத் திருத்தி எழுதி வாங்குங்கள்.