பிள்ளை ஜெபிக்கும்போது குறுக்கே பேசாதீர்கள்

சிங்கப்பூர் ஈசூனில் உறவினர் வீடு. சனிக்கிழமை இரவு குடும்ப ஜெபம். ஏழு வயதுப் பையனை ஜெபிக்கச் சொன்னார்கள். “இயேசப்பா, இன்றைக்கு என் சைக்கிள்...” என்று அவன் தொடங்கியதுமே பாட்டி, “முதலில் ஸ்தோத்திரம் சொல்லு” என்றார். சொன்னான். “சைக்கிள் விழுந்தபோது நீங்கள்...” என்றான். “நீங்கள் இல்லை, நீர்” என்றார் பாட்டி. திருத்திக்கொண்டான். அடுத்து அம்மா, “கண்ணை மூடு” என்றார். பையன் கண்ணை மூடினான், வாயையும் மூடிக்கொண்டான். சைக்கிள் விழுந்து என்ன ஆயிற்று என்பது அன்று யாருக்கும் தெரியாமலே போயிற்று.

பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளோடு இருக்கிறேன். பெற்றோர் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான். பிள்ளை ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருக்கிறது. நாமோ நம்மிடம் பாடம் ஒப்புவிப்பதாக எண்ணி இடையில் புகுந்துவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். நான் திருத்திய பிள்ளை அடுத்த வாரம் தலையைக் குனிந்துகொண்டு “நான் மாட்டேன்” என்று சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால், மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மெதுவாகச் சொல்லலாம். பிள்ளை ஆமென் சொல்லும்வரை பெரியவர்கள் பொறுத்திருக்க வேண்டும்.

அந்த ‘நீர்’ பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். இங்கே வளரும் பிள்ளைக்கு நீர் என்றால் தண்ணீர். பள்ளித் தமிழ் வகுப்பில் பெரியவர்களை ‘நீங்கள்’ என்று அழைக்கக் கற்கிறது. வீட்டிலோ பெரும்பாலும் ஆங்கிலம். உம்முடைய, தாரும், இரட்சியும் என்ற வடிவங்களை வேதாகமத்திலும் ஆலயத்திலும் தவிர வேறெங்கும் அது கேட்பதே இல்லை. ஆகவே ‘நீங்கள்’ என்று ஜெபிக்கும் பிள்ளை தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த மரியாதையைத்தான் ஆண்டவருக்குக் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் ஜெபித்தாலும் விட்டுவிடுங்கள். அதட்டித் தமிழில் ஜெபிக்க வைத்தால் தமிழும் ஒட்டாது, ஜெபமும் ஒட்டாது.

ஷார்ட் ஸ்ட்ரீட்டில் உள்ள தமிழ் மெதடிஸ்ட் தேவாலயத்திலும், ஓஃபிர் ரோட்டில் 1888ஆம் ஆண்டு முதல் நிற்கும் லூர்து மாதா ஆலயத்திலும் நம் முன்னோர் தமிழில் ஏறெடுத்த ஜெபம் நம் பிள்ளைகளோடு நின்றுவிடுமோ என்ற கவலை எனக்கும் உண்டு. அதற்காக நான் கையாளும் வழி 136ஆம் சங்கீதம். அதன் 26 வசனங்களும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்றே முடிகின்றன. பிள்ளை தன் நன்றியைத் தனக்கு வந்த மொழியில் சொல்லட்டும். மற்ற எல்லாரும் அந்த வரியைத் தமிழில் சேர்ந்து சொல்லட்டும். “மழை நின்றதும் பந்து விளையாடினேன்.” அவர் கிருபை என்றுமுள்ளது. “பாட்டி தோசை சுட்டுத் தந்தார்.” அவர் கிருபை என்றுமுள்ளது. மின்தூக்கி பத்தாம் மாடியை எட்டுவதற்குள் ஒரு முழு ஜெபம் முடிந்துவிடும். இரண்டே வாரங்களில் அந்த வரி மூன்று வயதுக் குழந்தையின் வாயிலும் தானாக வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை மனப்பாடம் செய்ய வைப்பது நல்லது. பொருள் சொல்லாமல் விடுவதுதான் தவறு. தொடக்கநிலை நான்கில் படித்த ஒரு சிறுவன் என்னிடம் கேட்டான்: “ஆன்ட்டி, ‘எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்றால், பள்ளியில் சோதனை வைக்க வேண்டாம் என்று கேட்கிறோமா?” இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறும் அவன் அப்படி நினைத்துத்தான் சொல்லி வந்திருக்கிறான். “நண்பனுடைய அழகான பேனா உன் மேசையில் கிடக்கிறது, யாரும் பார்க்கவில்லை, எடுத்துக்கொள்ளலாம் என்று மனம் இழுக்கிறது. அந்த இழுப்புதான் சோதனை” என்றேன். அவன் சற்று நேரம் பேசவே இல்லை. அன்று முதல் நான் வாரத்துக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டேன். ‘பரமண்டலங்களிலிருக்கிற’ என்ற முதல் சொல்லுக்கே ஒரு வாரம் வேண்டும். வளர்ந்த சீஷர்களே “எங்களுக்குப் போதிக்கவேண்டும்” என்று இயேசுவிடம் கேட்டதாக லூக்கா 11ஆம் அதிகாரம் சொல்கிறது. பிள்ளைகளுக்கு நாம் அவசரப்படுவானேன்?

பாட்டி கத்தோலிக்கராக இருந்து ‘விண்ணகத்தில்’ என்று தொடங்கினால், இரண்டும் ஒரே ஜெபம்தான் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். எது சரி என்ற வாக்குவாதத்தை அதன் முன்னால் நடத்த வேண்டாம். ஜெபமாலை சொல்லும் குடும்பங்களில் சிறு பிள்ளைக்கு மாலையின் பத்து மணிகள் மட்டும் போதும்.

அடுத்தது எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம். தொடக்கநிலை ஆறாம் ஆண்டு வந்ததும் பல வீடுகளில் ஜெபம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது. “நன்றாக ஜெபித்தால் நல்ல மதிப்பெண் தருவார்” என்று சொல்லியே வளர்க்கிறோம். நவம்பரில் முடிவு வருகிறது. எதிர்பார்த்தது வரவில்லை என்றால், தான் ஜெபித்தது போதவில்லை அல்லது தன்னை ஆண்டவருக்குப் பிடிக்கவில்லை என்ற முடிவுக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வந்துவிடுகிறது. அதைத் தேற்றுவது எளிதல்ல. “பயமாக இருக்கிறது, என்னோடு இரும்” என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். கெத்செமனே தோட்டத்தில், பிடிபடுவதற்குச் சற்று முன், இயேசுவே தமக்கு வேண்டியதைக் கேட்டுவிட்டு, “உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது” என்று முடித்ததைச் சொல்லுங்கள். ஏமாற்றம் வந்தால் அதையும் ஜெபத்தில் கொட்டலாம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தாவீது கேட்டது 13ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. கோபத்தோடும் அழுகையோடும் ஆண்டவரிடம் போகலாம் என்று தெரிந்த பிள்ளை, தோல்வி வந்தாலும் அவரை விட்டு ஓடாது.

தண்டனையாக ஜெபிக்க வைக்காதீர்கள். தம்பியை அடித்ததற்காக மூலையில் மண்டியிட வைத்தால், மண்டியிடுவதே தண்டனை என்று மனதில் பதிந்துவிடும். துணைப்பாட வகுப்பு முடிந்து ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பிள்ளையை அரை மணி நேர ஜெபத்தில் உட்கார வைப்பதும் வேண்டாம். தண்ணீரில் மூழ்கும்போது பேதுரு சொன்னது “ஆண்டவரே, என்னை இரட்சியும்” என்ற மூன்றே சொற்கள். இயேசு உடனே கை நீட்டித் தூக்கினார்.

பள்ளியில் பக்கத்தில் உட்காருபவன் முஸ்லிமாகவோ இந்துவாகவோ பௌத்தனாகவோ இருப்பான். அவனைத் தாழ்த்தும் சொல் ஒன்றுகூட வீட்டு ஜெபத்தில் வரக் கூடாது. அவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் பெயரைச் சொல்லிச் சுகம் கேட்கட்டும்.

கடைசியாக, பிள்ளையை மட்டும் ஜெபிக்கச் சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஜெபத்தை, அதிலும் மன்னிப்புக் கேட்கும் ஜெபத்தை, அது கேட்க வேண்டும். ஒரு வீட்டு ஜெபத்தில் ஒரு தகப்பன், “ஆண்டவரே, இன்று காலை பள்ளிக்குப் புறப்படும்போது இவனிடம் கத்திவிட்டேன், என்னை மன்னியும்” என்றார். எதிரில் இருந்த மகன் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தான். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, “இயேசப்பா, காலணியை நான்தான் ஒளித்து வைத்தேன்” என்றான்.