ஆண்டிபட்டிக் கணவாயில் கரி இன்ஜின்: மாடல் ரயில் படத்தைப் பழைய போட்டோவாக மாற்றுவது எப்படி?

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் போன மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்) ரயிலை இனி யாரும் படம் எடுக்க முடியாது. 1928-இல் திறந்த அந்தப் பாதையில், அகலப்பாதை வேலைக்காக 2010 முடிவோடு வண்டிகள் நின்றன. 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் ரயில் திரும்பி வந்தது, அகலப்பாதையில். கரி இன்ஜின் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகிற படம் வேண்டுமென்றால், மாடலை வைத்து நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாடல் வைத்திருக்கும் புதியவர்கள் பெரும்பாலும் மேலிருந்து ஒரு படம் எடுத்து, செபியா ஃபில்டரைப் போட்டுவிடுகிறார்கள். பொம்மை பழுப்பாகிவிடும், அவ்வளவுதான். பார்ப்பவரை நம்ப வைப்பது கேமராவின் உயரமும், வெளிச்சமும், அந்தக் காலத்து பிலிம் நிறங்களைப் பார்த்த விதமும். பழுப்பு ஏற்றுவது கடைசி வேலை.

1. முதலில் ஒரு காலத்தை முடிவு செய்யுங்கள்

1930-களா, 1960-களா, 1980-களா? ஒவ்வொன்றுக்கும் தோற்றம் வேறு. 80-களின் கலர் பிரிண்டுகளில் பல, ஆல்பத்துக்குள்ளேயே இருந்து சிவந்து போயின. அவற்றின் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கியதுதான் காரணம். 60-களில் நம் வீடுகளில் இருந்த அக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராக்கள் சதுரப் படம் தரும், மூலைகள் சற்று மங்கியிருக்கும். இங்கே 1930-களை எடுத்துக்கொள்வோம். மாடலின் குறைகளை அதிகம் மறைப்பது அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைதான்.

காலம் முடிவானதும் சட்டகத்துக்குள் கண்ணை ஓட்டுங்கள். தண்டவாளத்துக்கு அடியில் கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டை, மேலே மின்கம்பி, பிளாஸ்டிக் குடம் எதுவும் இருக்கக் கூடாது.

2. மண்ணைச் சலியுங்கள்

1:87 அளவு மாடலில் ஒரு மில்லிமீட்டர் மணல்துகள், நிஜத்தில் 87 மில்லிமீட்டர் கல். தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லியாக அது சரி. பிளாட்பாரத்திலும் வண்டிப் பாதையிலும் கிடந்தால் பாறாங்கல்லாகத் தெரியும். பழைய வேட்டித் துணியில் சலித்த புழுதி போதும். செம்மண்ணை விட வெளிர் நிற மணல் நல்லது. ஏன் என்பது 5-ஆம் படியில் புரியும்.

3. மொட்டை மாடிக்குத் தூக்கிப் போங்கள்

அறைக்குள் டியூப்லைட்டில் எடுத்த படத்தை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. நிஜ ரயிலுக்கு ஒரே வெளிச்சம், சூரியன். மாடலுக்கும் அதையே கொடுங்கள். மதுரை வெயிலில் காலை எட்டு மணியை ஒட்டியோ மாலை ஐந்துக்கு முன்போ எடுத்தால் நிழல் நீளமாக, ஓரம் கூர்மையாக விழும். உச்சி வெயில் வேண்டாம், சக்கரங்கள் எல்லாம் இருட்டில் மறைந்துவிடும்.

மாடல் நிற்கும் பலகையைக் கைப்பிடிச் சுவர் உயரத்துக்கு ஏற்றி வைத்தால் நிஜ வானமே பின்னணி ஆகும். நாகமலையோ யானைமலையோ தெரிகிற மாடி என்றால் கொடுத்து வைத்தவர் நீங்கள். அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆன்டெனாவும் மட்டும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. மாடலில் நிற்கும் மனிதனின் கண்ணால் பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. தரையில் நிற்பவரின் கண், தரையிலிருந்து சுமார் 155 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். 1:87-இல் அது 18 மில்லிமீட்டர். 1:160 மாடல் என்றால் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. லென்ஸ் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள், கேமரா கீழே வந்துவிடும். படத்தை அப்புறம் நேராக்கிக்கொள்ளலாம்.

மாடல் படத்தை உடனே காட்டிக்கொடுப்பது, இன்ஜின் முகம் மட்டும் தெளிவாக இருந்து பின்னால் வரும் பெட்டிகள் கலங்கிப்போவது. நிஜ ரயிலை யாரும் அவ்வளவு நெருங்கி எடுப்பதில்லை. அதனால் அரை மீட்டராவது தள்ளி நின்று எடுத்து, ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். போர்ட்ரெய்ட் மோடையும் மேக்ரோ மோடையும் அணைத்துவிடுங்கள். போனின் சென்சார் சிறியது என்பதால் முன்னும் பின்னும் தெளிவாக விழும், இந்த வேலைக்குப் பெரிய கேமராவை விட அதுவே வசதி. பெரிய கேமராதான் இருக்கிறது என்றால் அபர்ச்சரை (லென்ஸின் திறப்பை) எஃப் 11 அல்லது 16-க்குக் குறைத்து, ஸ்டாண்டில் வைத்து எடுங்கள்.

புகை வேண்டுமா? பஞ்சை மெல்லிய இழையாகப் பிரித்து, பென்சில் கரியைத் தூளாக்கித் தடவி, புகைபோக்கியில் செருகுங்கள். கொஞ்சமாக இருந்தால்தான் நம்பும்படி இருக்கும்.

5. நிறத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது

அந்தக் காலத்தில் பலர் பயன்படுத்திய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம், நீலத்தையும் பச்சையையும் பார்க்கும், சிவப்பைப் பார்க்காது. அதனால் சிவப்புப் பெட்டி கறுத்துவிடும், செம்மண் இருண்டுவிடும், நீல வானம் வெளுத்து மேகமே தெரியாமல் போகும். தூரத்து மலைகளின் நீலப் புகைமூட்டமும் அப்படியே வெளிறும். பின்னணி கொஞ்சம் கலங்கியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நமக்கு இது பெரிய உதவி.

கணினியில் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் இதைச் செய்யலாம். கலர்ஸ் மெனுவில் காம்பொனன்ட்ஸ், அதற்குள் மோனோ மிக்ஸர். சிவப்பை 0 ஆக்கி, பச்சையையும் நீலத்தையும் 0.5 வையுங்கள். முழுக்க நீலத்துக்கே கொடுத்துவிட்டால் ஸ்டேஷனின் மஞ்சள் போர்டு கறுத்து, அதிலிருக்கும் கறுப்பு எழுத்து காணாமல் போகும். போனில் செய்பவர்கள் கறுப்பு வெள்ளைக் கருவியில் பச்சை ஃபில்டரைத் தேர்ந்தெடுங்கள், ஓரளவு இதே பலன் கிடைக்கும்.

6. பிலிமின் முதுமை

இங்கே வரிசை முக்கியம். முதலில் படத்தை 1500 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள். அடுத்து காஸியன் பிளர் (படத்தை மெல்ல மங்கலாக்கும் கருவி), ஒரு பிக்சல் அளவுக்கு. அதன் பிறகுதான் நாய்ஸ் (சிறு புள்ளிகள்) சேர்த்து மணிமணியான தோற்றம் தர வேண்டும். வரிசையை மாற்றினால் அந்த மணிகளும் மங்கி, படம் பிசுபிசுத்துவிடும்.

பிறகு கர்வ்ஸ், அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவை ஒரு சாய்கோட்டால் மாற்றும் கருவி. வெளிறிய பிரிண்டில் முழுக் கறுப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை. கோட்டின் இடது முனையைக் கொஞ்சம் மேலே ஏற்றி, வலது முனையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். இப்போது பழுப்பு: தொட்டும் தொடாமலும். வெள்ளை ஓரம் வையுங்கள், முடிந்தது. இணையத்தில் கிடைக்கும் கீறல், கிழிசல் படங்களை மேலே ஒட்டுவதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். ஒரே கீறலை நூறு படங்களில் பார்த்தாகிவிட்டது.

7. பகிரும் முன்

படம் நன்றாக வந்துவிட்டால், வாட்ஸப்பில் யாராவது அதை நிஜமான போடி ரயில் என்று அனுப்பத் தொடங்குவார்கள். பழைய பாதையைப் பற்றித் தேடும் ஒருவரை நம் படம் ஏமாற்றக் கூடாது. கோப்பின் பெயரிலும், கீழ் வெள்ளை ஓரத்திலும் 'மாடல், 1:87' என்று எழுதிவிடுங்கள். பிரிண்ட் போட்டால் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதுங்கள், படம் எடுத்த ஆண்டோடு சேர்த்து.