ஆர் அந்த ஆள்? வாசித்ததைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூல் வெளியீடு நடக்காத வார இறுதி யாழ்ப்பாணத்தில் இப்போது அரிதாகிவிட்டது. அந்த மேடைகளில் ஆய்வுரை ஆற்றவும், வாசித்து முடித்த நாவலையோ நினைவுக்குறிப்பையோ பற்றி நான்கு பக்கம் எழுதவும் இளையவர்கள் முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவர்களுடைய கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கும்போது, எங்களுடைய தலைமுறை செய்த அதே பிழைகள் ஏறத்தாழ அதே வரிசையில் திரும்பவும் வருவதைக் காண்கிறேன். எழுத்துப்பிழை, ஆசிரியரின் பெயரை மாற்றி எழுதுதல், வாசிக்காத அத்தியாயத்தைப் பற்றிப் பேசுதல் ஆகியவற்றை நான் இங்கே எடுக்கவில்லை. அவை தவறு என்பது செய்பவருக்கே தெரியும். செய்பவருக்குத் தெரியாமல் நடக்கும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

கதைச் சுருக்கம்

பின்னட்டையில் இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

நாவலுக்குள் ஆள் தேடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஆகையால் இந்த இடத்தில் சற்று நேரம் நிற்கப்போகிறேன்.

யாழ்ப்பாணம் சிறிய சமூகம். கோண்டாவிலில் புகையிலைத் தோட்டம் செய்யும் ஒருவர் நாவலில் வந்துவிட்டால், பத்தாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள்ளேயே, “இது எங்கட பின் ஒழுங்கை மாமாவெல்லோ?” என்று கேட்பதற்கு ஒரு வாசகர் இருப்பார். அந்தக் கேள்வி பிறந்த கணத்திலேயே வாசிப்பு நின்றுவிடுகிறது, விசாரணை தொடங்கிவிடுகிறது. நாவலாசிரியர் ஐந்து பேரிடமிருந்து எடுத்து ஒருவரை உருவாக்குகிறார். ஓர் ஊரின் வீட்டை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகிறார். ஒரு வருடத்துச் சாவை வேறொரு வருடத்தில் நிகழ்த்துகிறார். ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கும் வாசகருக்கோ, ஆசிரியர் மாற்றியவை எல்லாம் பொய்யாகவும், மாற்றாதவை எல்லாம் புறணியாகவும் தோன்றுகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் நாவல் என்ற ஒன்று இருப்பதற்கே இடமில்லாமல் போய்விடுகிறது.

சில வருடங்களுக்கு முன்னர் நகரில் நடந்த ஒரு கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். எடுத்துக்கொண்ட நாவல், தம்பிமார் ஒருவர் பின் ஒருவராக வெளிநாடு போவதற்காகத் தன்னுடைய சீதனக் காணியை விற்கக் கொடுத்துவிட்டுக் கல்யாணம் ஆகாமலே இருந்துவிடும் ஓர் அக்காவைப் பற்றியது. ஆசிரியரும் சபையில் இருந்தார். ஆய்வுரை ஆற்றிய இளைஞர், அந்த அக்கா எந்த ஊரில் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதை நிறுவுவதிலேயே தன்னுடைய நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிட்டார். அதுவரை அமைதியாக இருந்த மண்டபம் கலகலப்பானது. “அவ இல்லைத் தம்பி, அவவின்ர தங்கச்சி” என்று ஒருவர் திருத்தினார். காணி எவ்வளவுக்கு விலைபோனது என்று இன்னொருவர் சொன்னார். அந்த நாவலில் ஒரேயோர் இடத்தில்கூட ஆசிரியர் அக்காவின் மனதுக்குள் நுழையவில்லை என்பதையும், அவளிடம் எதையோ கேட்டு வருபவர்களின் கண்கள் வழியாக மட்டுமே அவளை நாம் பார்க்கிறோம் என்பதையும் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நாவலின் உயிரே அந்த ஏற்பாட்டில்தான் இருந்தது.

இதனால் வந்த நட்டம் அந்த நாவலோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா அன்று பின்வரிசையில் இருந்தார். 1995 ஒக்டோபர் 30 அன்று, இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்க, வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சி நோக்கி நகர்ந்த இரவைப் பற்றி அவர் கொப்பிகளில் எழுதிவந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியை நான் முன்னரே வாசித்திருந்தேன். படுக்கையில் கிடந்த தாயை, மறுநாள் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்று நம்பி, தலைமாட்டில் தண்ணீரும் விசுக்கோத்தும் வைத்துவிட்டு வெளிக்கிட்ட அயல்வீட்டுக் குடும்பத்தைப் பற்றிய பக்கங்கள் அதில் இருந்தன. நாவற்குழிப் பாலத்தில் நெரிசலுக்குள் நின்றபடி அந்த வீட்டு மகன் திரும்பிப் போகப் பார்த்ததையும், எதிர்த்திசையில் ஓர் அடியேனும் வைக்க முடியாமல் நின்றதையும் அவர் எவரையும் குற்றம் சொல்லாமல் எழுதியிருந்தார். கூட்டம் முடிந்து சைக்கிள் எடுக்கும்போது, “தம்பி, நான் புத்தகம் போட்டாலும் எங்கட அயலுக்க உள்ளவையை இப்பிடித்தானே இழுப்பினம்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு அவர் அந்தப் பக்கங்களை வெட்டிவிட்டார். திருத்திய பிரதியையும் வாசித்தேன். மழை இருந்தது, பாலம் இருந்தது, நடந்த தூரம் இருந்தது, மனிதர்கள் இல்லை. அது அச்சுக்கும் போகவில்லை. அன்று ஆய்வுரை ஆற்றியவருக்கு இவை எதுவும் தெரியாது. இப்போதும் அவர் அதே முறையில்தான் ஆய்வுரை ஆற்றி வருகிறார்.

மூல ஆள் யார் என்பது ஊருக்கே தெரிந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். வி. வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதி 2023இல் வெளிவந்து, அடுத்த வருடம் பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்ற ‘பிரதர்லெஸ் நைட்’ நாவலை அண்மையில் வாசித்தேன். 1980களின் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்கும் சசி அதன் கதைசொல்லி. அவளுடைய ஆசிரியையாக அஞ்சலி வந்ததும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவரும், ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களுள் ஒருவரும், 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டவருமான ராஜினி திராணகம நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. அந்த நினைவை ஒளிக்க வேண்டியதில்லை. ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் எனக்குக் கிடைத்த சில கட்டுரைகள் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிட்டன. சகோதரர்கள் ஆயுதப் போராட்ட இயக்கத்துக்குப் போக, இயக்கத்தின் மருத்துவ நிலையத்தில் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே, அதே இயக்கம் செய்தவற்றையும் பதிவுசெய்ய நேர்ந்த சசியின் நிலைதான் நாவலின் நடுப்புள்ளி. அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அந்த நாவலில் குறையும் பட்டது. நமக்குத் தெரிந்த பலவற்றை வெளியூர் வாசகருக்காக அது நின்று நின்று விளக்குகிறது. இந்தக் குறையைச் சொல்வதற்கு அஞ்சலி யார் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆகவே, ஒரு பாத்திரத்தை அடையாளம் கண்டுகொண்டால் அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாத்திரம் எப்போது உள்ளே வருகிறது, என்ன பேச விடப்படுகிறது, எந்த இடத்தில் ஆசிரியர் அதன் வாயை மூடுகிறார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு வேண்டிய அளவு அங்கேயே கிடைக்கும்.

நினைவுக்குறிப்பை வழக்காக நடத்துவது

நாவலை நடந்த கதையாக வாசிப்பவரே நினைவுக்குறிப்பைச் சத்தியக் கடதாசியாக வாசிக்கிறார். திகதி பிழை, அந்த நாளில் அந்த வீதி மூடியிருந்தது, அந்தக் கூட்டத்தில் இவர் இருக்கவே இல்லை என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டுத் தீர்ப்பும் எழுதிவிடுகிறார். தகவல் பிழையைச் சுட்டுவது அவசியம். அதுவே வாசிப்பு ஆகிவிடாது.

லெனார்ட் வூல்ஃப் 1905இல் இளம் சிவில் உத்தியோகத்தராக யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். இலங்கையில் கழித்த வருடங்களைப் பற்றி அவர் எழுதிய ‘குரோயிங்’ 1961இல், அவர் எண்பது வயதைத் தாண்டிய பின்னர் வெளிவந்தது. யாழ்ப்பாண வீதியில் குதிரையில் போகும்போது இங்குள்ள வழக்கறிஞர் ஒருவரைச் சவுக்கால் அடித்தார் என்று தமது காலத்தில் எழுந்த முறைப்பாட்டைப் பற்றி அதில் எழுதுகிறார். தாம் அடிக்கவில்லை என்று மறுக்கிறார். அடித்தாரா, இல்லையா என்ற கேள்வியோடு நின்றுவிடும் வாசகர், அடுத்து வருவதைத் தவறவிடுகிறார்: தமது நகரத்தின் வீதியில் ஒரு வெள்ளையன் குதிரைமேல் இறுமாப்போடு அமர்ந்திருந்ததே முகத்தில் அறைந்ததற்குச் சமம் என்று யாழ்ப்பாணத்தவர் உணர்ந்தது சரி என்ற முடிவுக்கு வூல்ஃப் வருகிறார். அந்த இளம் உத்தியோகத்தர் அப்போது நண்பருக்கு எழுதிய கடிதங்களையும் கிழவரான வூல்ஃப் இடையிடையே எடுத்துக் காட்டுகிறார். ஒரே ஆள், இரண்டு வயது, இரண்டு குரல். நினைவுக்குறிப்பை வாசிக்கும்போது இந்த இரண்டு குரல்களுக்கும் இடையிலுள்ள தூரத்தையே நான் முதலில் பார்ப்பேன்.

எழுதியவர் எந்த இயக்கம்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவுடன் பலருக்குக் கட்டுரை முடிந்துவிடுகிறது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைக்குப் பொறுப்பாக இருந்த தமிழினியின் நினைவுக்குறிப்பான ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அவர் 2015 ஒக்டோபரில் இறந்த பின்னர், 2016இல் வெளிவந்தது. அதைப் புகழ்ந்தவர்களிலும் ஏசியவர்களிலும் கணிசமானோர் நூலைத் திறக்குமுன்னரே தங்களுடைய பக்கத்தைத் தெரிந்தெடுத்திருந்தார்கள் என்பதே என் அபிப்பிராயம். பதில் சொல்ல உயிரோடு இல்லாதவரின் நூலைப் பற்றி எழுதும்போது, குறைந்தபட்சம் மேற்கோள் காட்டும் பந்தியையாவது முழுமையாகக் காட்டுங்கள்.

‘மண்வாசனை’

இந்தச் சொல்லை வெட்டிவிட்டு, கட்டுரையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கண்ணீர்

அழுததைச் சொல்லலாம். எந்தப் பக்கத்தில் என்றும் சொல்ல வேண்டும்.

ஆண்டைப் பாராமல் எழுதுவது

கோவிந்தன் என்ற புனைபெயரில் வெளிவந்த ‘புதியதோர் உலகம்’, ஓர் இயக்கத்துக்குள் நடந்த வதைகளையும் முரண்களையும் சொல்லும் நாவல். அண்மையில் அதன் மறுபதிப்பை வாசித்த ஒருவர், இந்திய இராணுவம் வந்த காலத்தை ஆசிரியர் ஏன் மறைத்துவிட்டார் என்று காரசாரமாகக் கேட்டு எழுதியிருந்தார். நாவல் வெளிவந்தது 1985இல். இந்திய இராணுவம் வந்தது 1987இல். முதற்பதிப்பு வெளிவந்த ஆண்டு பெரும்பாலும் தலைப்புப் பக்கத்தின் மறுபுறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அங்கே இல்லாவிட்டால், ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் பழைய பதிப்பு கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கலாம்.