ஐரோப்பிய வரலாறு நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"1453-ல் துருக்கியர் காண்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தனர். நிலவழி அடைபட்டது. ஆகவே ஐரோப்பியர் கடல்வழி தேடினர்." பரீட்சைக்கு இதைவிட வசதியான விடை கிடையாது. நடுநிலை வகுப்புகளில் நாம் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

போர்த்துகீசியர் வட ஆப்பிரிக்கக் கரையில் சியூட்டாவைப் பிடித்தது 1415-ல். காண்ஸ்டாண்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) விழ இன்னும் 38 ஆண்டு இருந்தது. விழுந்த பிறகும் மிளகு வரத்து நின்றுவிடவில்லை. வெனிஸ் வணிகர்கள் அலெக்சாண்ட்ரியாவில் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எகிப்து 1517 வரை மம்லுக் சுல்தான்கள் கையில் இருந்தது. காண்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்த ஆட்டோமான் துருக்கியருக்கும் வணிகம் நடந்தால்தானே சுங்கம் வரும்? மேற்கு ஆப்பிரிக்கத் தங்கம், இடையில் ஆளில்லாமல் மிளகு வாங்கினால் கிடைக்கும் லாபம், முஸ்லிம் அரசுகளோடு நெடுநாள் பகை என்று போர்த்துகீசியருக்குக் காரணங்கள் பல. 1453-ஐ விட்டுவிடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அதன் தலையில் கட்ட வேண்டாம். கரும்பலகையில் 1415, 1453, 1488 (டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியது), 1498 (வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தது) என்று எழுதி, எது எது நடந்தது என்று சொல்லிவிட்டு, "இதில் 'ஆகவே' எங்கே போடலாம்?" என்று கேளுங்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது, அந்தக் கால மனிதர்களை முட்டாள்களாகக் காட்டுவது. பாவத்துக்கான தண்டனை குறையும் என்று திருச்சபை காசுக்குக் கொடுத்த பாவமன்னிப்புச் சீட்டு என்றதும் வகுப்பு சிரிக்கும், நாமும் கூடச் சிரிப்போம். அதோடு பாடம் போயிற்று. செத்துப்போன அம்மாவின் ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் (மோட்சம் போகுமுன் ஆன்மா தூய்மையாகும் இடம்) வேதனைப்படுகிறது என்று உண்மையாகவே நம்பிய மகன் என்ன செய்வான் என்று கேட்டால் சிரிப்பு நிற்கும். பிறகு பணம் எங்கே போனது என்று சொல்லுங்கள். ஜெர்மன் நகரமான மைன்ஸின் பேராயர் பதவிக்காக ஆல்பிரெக்ட் என்பவர், ஆக்ஸ்பர்கின் வங்கித்தொழில் செய்த ஃபுக்கர் குடும்பத்திடம் பெருங்கடன் வாங்கியிருந்தார். வசூலில் பாதி அந்தக் கடனுக்கு, பாதி ரோமில் புனித பேதுரு ஆலயம் கட்ட.

அப்படிப்பட்ட பழைய சீட்டையே காட்டலாம். மைன்ஸில் 1454-55-ல் அச்சானவற்றின் படம் இணையத்தில் கிடைக்கிறது. வாசகம் முழுக்க அச்சு. பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் காலி. வங்கிச் செலான் நிரப்பிய பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம். இந்தச் சீட்டு விற்பனையை எதிர்த்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதருக்கு 60 ஆண்டு முன்பே அச்சு இயந்திரம் திருச்சபைக்கும் உழைத்தது என்று தெரிந்தால், 'அச்சு வந்தது, சீர்திருத்தம் வந்தது' என்ற சூத்திரமும் ஆட்டம் காணும். லூதர் 1517 அக்டோபர் 31 அன்று ஆல்பிரெக்டுக்குக் கடிதத்தோடு தன் 95 வாதங்களை அனுப்பியது உறுதி. அந்த வாதங்களைத் தேவாலயக் கதவில் ஆணி அடித்து மாட்டிய காட்சிக்கு அவ்வளவு வலுவான சான்று இல்லை. படம் வரையச் சொல்லுங்கள், பரவாயில்லை. மதிப்பெண் அதற்கு வேண்டாம்.

கொலம்பஸுக்கு முன் எல்லோரும் பூமி தட்டை என்று நம்பினார்கள் என்பதை அடியோடு விட்டுவிடலாம். படித்தவர்களிடையே தகராறு பூமியின் அளவைப் பற்றித்தான். அதில் தப்புக்கணக்குப் போட்டவர் கொலம்பஸ். கலிலியோ பாதாளச் சிறையில் வாடவில்லை, 1633 தீர்ப்புக்குப் பின் வீட்டுக்காவலில் இருந்தார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோபர்நிகஸ் 1543-ல் வெளியான தன் நூலைப் போப்புக்கே காணிக்கையாக்கியிருந்தார்.

இன்றைய வரைபடத்தை மாட்டிவைத்து நடத்துவதும் வம்பு. அன்று ஜெர்மனி, இத்தாலி என்று தனி நாடுகள் இல்லை. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மணவிலக்குக் கதையைப் பிள்ளைகள் ஆவலோடு கேட்பார்கள். போப் ஏன் இழுத்தடித்தார் என்பது வரைபடத்தில்தான் விளங்கும். அரசி கேத்தரினின் அக்கா மகன் பேரரசர் ஐந்தாம் சார்லஸ். 1527-ல் ரோமைச் சூறையாடியது அவருடைய படை.

கடைசியாக, இதெல்லாம் எங்கோ நடந்தது என்று விட்டுவிடுவது. லூதரன் மன்னர் ஆண்ட டென்மார்க்கிலிருந்து 1706-ல் ஜெர்மன் போதகர் சீகன்பால்க் தரங்கம்பாடி வந்தார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சானது. மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளி என்றால் ஒரே நாளில் போய் வரலாம். ஆனால் லூதர் பாடத்தை முடித்துவிட்டுக் கூட்டிப்போங்கள். டேனிஷ் கோட்டை ஊருக்குள் ஒரு ஜெர்மன் போதகருக்கு என்ன வேலை என்று அவர்களே கேட்பார்கள்.