விலங்கு வடிவ ஜப்பானியத் தூபக்கலத்தில் அகில் புகைப்பது

வாத்தோ முயலோ சிங்கமோ, இந்தப் பீங்கான் கலங்களைத் தலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். பலவற்றில் தலையோ முதுகோதான் மூடி, கையோடு கழன்றுவிடும். அடியை இரு கைகளாலும் தாங்குங்கள்.

என்னிடம் இருப்பது மிகாவாச்சி என்ற ஜப்பானியப் பீங்கான் வகையைச் சேர்ந்த வெள்ளைச் சிங்கம். ஹிராடோ பகுதியை ஆண்ட மட்சுரா குலத்தார் ஆதரித்த சூளைகளின் மரபில் வந்தது. திறந்த வாயில், பல்லிடுக்கு வழியாகப் புகை நூலாக வெளிவரும். அந்த அழகுக்காகவே பொறுமையாக இருக்கலாம்.

வெறும் கலத்தில் கரியை வைக்கவே கூடாது. சூட்டில் விரிசல் விடும். சலித்த சாம்பலை முக்கால் அளவு நிரப்பி, குச்சியால் கிளறிப் பொலபொலப்பாக்குங்கள். காற்றோட்டம் இருந்தால்தான் கரி அணையாது. நன்றாகக் கனன்ற சிறு கரியைப் பாதி புதைத்து, சாம்பல் சூடேறும்வரை விடுங்கள். அகில் துண்டைக் கரிமேல் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். கருகாமல் மணம் எழும். அப்புறம் மூடுங்கள். சாம்பிராணி வேண்டாம், பிசுக்கு படிந்து வாய்த்துளை அடைபடும்.

ஆறியபின் மென்மையான தூரிகையால் துடைத்தால் போதும். தங்கப் பூச்சு இருந்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். பல்லிடுக்குக் கறைக்கு ஈரமான பஞ்சுக்குச்சி.