திப்புவின் துப்பாக்கியை மியூசியத்தில் எப்படிப் பார்ப்பது?

திப்பு சுல்தானுக்காகச் செய்த துப்பாக்கிகளில் நல்லவை பலவும் இன்று இங்கிலாந்தில்தான் இருக்கின்றன, காரணம் தெரிந்ததுதான்: 1799 மே 4 அன்று அவர் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டினம் ஆங்கிலேயரிடம் விழுந்ததும் அரண்மனையில் நடந்த கொள்ளை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்கோ விண்ட்சர் கோட்டைக்கோ போகிறவர்கள் அவற்றை ஆயுதமாகப் பார்க்காமல் நகை பார்க்கிற கண்ணோடு பாருங்கள்.

முதல் வேலை, திப்புவின் சின்னமான புலியைத் தேடுவது. குழலின் வாயில் இருக்கலாம், தீப்பொறிக்கான சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் சுத்தியில் இருக்கலாம், துப்பாக்கியின் மரக்கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டிலும் இருக்கலாம். முழுப் புலி இல்லாவிட்டால் அதன் வரி இருக்கும், நடுவில் அகன்று இரு முனையும் கூராக நெளிகிற அந்தக் கோட்டைத்தான் அவர் படைவீரர்களின் சட்டையிலும் போட்டார்கள். எழுத்தையும் விடாதீர்கள். ‘அசதுல்லா அல்-காலிப்’, அதாவது ‘இறைவனின் சிங்கமே வெல்வது’ என்ற தொடரை இடமும் வலமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அடுக்கிப் புலிமுகமாகவே ஆக்கியிருப்பார்கள், சட்டென்று பார்த்தால் எழுத்து என்றே தெரியாது.

அப்புறம் தங்கம். பெரும்பாலும் அது ‘கோஃப்ட்கரி’ வேலை: இரும்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல் போட்டு, அதில் தங்கக் கம்பியையோ தகட்டையோ வைத்துத் தட்டிப் பிடிக்க வைப்பது. தங்கம் தேய்ந்த இடத்தில் குனிந்து பார்த்தால் அந்தக் கீறல்கள் தெரியும். என்னைக் கேட்டால் பளபளப்பாக மிஞ்சிய பகுதியைவிட இந்தத் தேய்ந்த மூலைதான் சுவாரசியம், கைவேலை எப்படி நடந்தது என்று அங்கேதான் புரியும்.

வருடம் படிக்கும்போது மட்டும் கவனம். 1222 என்று இருந்தால் ஹிஜ்ரி (வழக்கமான இஸ்லாமிய ஆண்டு) என்று நினைத்துக் கணக்குப் போட்டு 1807 என்று முடிவு கட்டி, திப்பு இறந்த பிறகு செய்த போலி என்று சொல்லிவிடாதீர்கள். அது அவரே கொண்டுவந்த மௌலூதி ஆண்டு, நபிகள் பிறப்பிலிருந்து எண்ணுவது, நம் கணக்கில் 1794 வாக்கில் வரும்.

வாங்கும் ஆசை இருந்தால் சும்மா தெரிந்துகொள்ளுங்கள்: 2019 மார்ச்சில் இங்கிலாந்தில் வெள்ளி வேலைப்பாடுள்ள ஒன்று 60,000 பவுண்டுக்கு ஏலம் போனது. நமக்குப் போட்டோதான். ஃப்ளாஷை அணைத்து, போன் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுங்கள், பின்னால் இருக்கும் விளக்கெல்லாம் படத்தில் விழாது.